எந்திரம் யாருக்குச் சொந்தம்? – அறிவியல் புனைகதைகளின் பழைய கேள்வி

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் புனைகதை என்றவுடன் சில கருக்கள் நினைவுக்கு வருகின்றன. மனிதனை எதிர்த்துக் கிளம்பும் ரோபோ, காலத்தைக் கடக்கும் வண்டி, வேற்றுக்கோளிலிருந்து இறங்கிவரும் படை, செவ்வாயில் மலர்ந்த புதிய சமுதாயம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவையே திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன, திரைப்படங்களாகின்றன. இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் இயக்கத் தோழர்களிடையேயும் உண்டு. ஆனால் இக்கருக்களின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்றால் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் பண்ணையும் தொழிற்சாலையும் காலனியுமாகவே இருக்கிறது.

'ரோபோ' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தின் வழியாகவே அச்சொல் உலகுக்குக் கிடைத்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது பண்ணையடிமை தன் ஆண்டையின் நிலத்தில் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும். ஆஸ்திரியப் பேரரசில் 1848ஆம் ஆண்டுப் புரட்சிதான் அதற்கு முடிவு கட்டியது. தமிழில் இதற்கு நேரான சொல் 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அது காணப்படுகிறது. தெலங்கானாவில் 'வெட்டி சாகிரி' என்ற பெயரில் நிஜாம் ஆட்சிக் காலத்தில் நிலவிய இதே கொடுமையை எதிர்த்துத்தான் 1946இல் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் உழவர்கள் போரில் இறங்கினர். ஆகவே 'ரோபோ'வை 'வெட்டி ஆள்' என்று ஒருவர் மொழிபெயர்த்தால் அதில் பிழை காண இயலாது. பேச்சுவழக்கில் 'வெட்டி வேலை' என்பது இன்று பயனற்ற வேலை என்றாகிவிட்டது. யாருக்குப் பயனற்றது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

சாபெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. வேதியியல் கூழிலிருந்து தசையும் நரம்பும் வார்த்து உருவாக்கப்பட்டவை; தோற்றத்தில் மனிதர்களே. நிறுவனம் அவற்றை மலிவு விலையில் உலகெங்கும் விற்கிறது. வறுமை ஒழியும், மனிதன் உழைப்பின் சுமையிலிருந்து விடுபடுவான் என்று அதன் நிர்வாகத் தலைவர் டோமின் மெய்யாகவே நம்புகிறார். நடப்பது வேறு. வேலை பறிபோன தொழிலாளர்கள் ரோபோக்களை அடித்து நொறுக்குகிறார்கள். அத்தொழிலாளர்களை அடக்குவதற்காக ரோபோக்களின் கையில் துப்பாக்கி கொடுக்கப்படுகிறது. பின்னர் அரசுகள் அவற்றையே போர்வீரர்களாக மாற்றுகின்றன. இவ்வளவு ஆபத்து தெரிந்தும் உற்பத்தியை ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்வி எழும்போது, உற்பத்தியை நடத்தியது நிர்வாகிகள் அல்லர், சந்தையின் தேவையே என்ற விடை வருகிறது. 'மூலதனம்' படித்தவர்களுக்கு இந்த விடை புதிதன்று. இறுதியில் எழுச்சி கொள்ளும் ரோபோக்கள் மனித குலத்தில் ஒரேயொருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. கட்டடப் பணிகளின் பொறுப்பாளரான ஆல்குவிஸ்ட் என்ற முதியவர் அவர். தங்களைப் போலவே அவரும் தம் கைகளால் வேலை செய்பவர் என்பதே காரணம்.

பிற்காலத்தில் ஐசக் அசிமோவ் ரோபோக்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். 1942இல் வெளியான சிறுகதையில் அவை முழு வடிவில் இடம்பெற்றன. மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது, மனிதனின் கட்டளைக்குப் பணிய வேண்டும், தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பன அவை. கேட்பதற்கு இனியவை. ஆனால் இரண்டாம் விதியில் வரும் அந்த 'மனிதன்' யார்? பட்டறையில் நிற்பவனா, பங்குகளை வைத்திருப்பவனா? சாபெக் கேட்ட கேள்வியை அசிமோவின் விதிகள் மெல்ல மூடிவிடுகின்றன.

வேற்றுக்கோள் படையெடுப்பு என்ற கருவும் இதே போன்றதே. எச்.ஜி. வெல்ஸ் தமது 'உலகங்களின் போர்' (1898) நாவலில், செவ்வாய்வாசிகளைப் பழிப்பதற்கு முன்பாக டாஸ்மேனியாவின் பழங்குடி மக்களை ஐரோப்பியர் அழித்ததை எண்ணிப் பார்க்குமாறு தொடக்க அத்தியாயத்திலேயே வாசகரிடம் சொல்கிறார். பேரரசு உலகெங்கும் செய்ததை லண்டனுக்கே யாரேனும் செய்தால் எப்படியிருக்கும் என்பதே அவருடைய கற்பனை. ஹாலிவுட் இக்கருவைக் கையில் எடுத்த பிறகு டாஸ்மேனியா மறைந்துபோனது. அமெரிக்காவைக் காக்கும் வீரம் மட்டுமே மிஞ்சியது. அவருடைய 'கால எந்திரம்' (1895) வர்க்கப் பிளவை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. 8,02,701ஆம் ஆண்டில் மனித குலம் இரண்டு இனங்களாகப் பிரிந்துகிடக்கிறது: மேலே உழைக்காத எலாய்கள், நிலத்தடியில் எந்திரங்களை இயக்கும் மார்லாக்குகள். இரவில் மார்லாக்குகள் மேலேறி வந்து எலாய்களைத் தின்கிறார்கள். பிளவை இவ்வளவு கூர்மையாகக் கண்ட வெல்ஸ், அதைக் கடக்கும் ஆற்றல் உழைப்பாளருக்கு உண்டு என்று நம்பவில்லை. அவருடைய பார்வையில் அவர்கள் அச்சமூட்டும் விலங்குகளாகவே எஞ்சினர்.

அந்த அவநம்பிக்கை வாழ்க்கையிலும் வெளிப்பட்டது. 1920இல் வெல்ஸ் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். பசியிலும் இருளிலும் கிடந்த நாட்டை மின்மயமாக்கப் போவதாக லெனின் சொன்னபோது, எதிர்காலத்தை எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்த வெல்ஸால் அதைக் கற்பனை செய்து பார்க்கவும் முடியவில்லை. நாடு திரும்பியவர் லெனினைக் 'கிரெம்ளினின் கனவாளர்' என்று எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் சோவியத்துகளின் காங்கிரஸ் ஏற்ற கோயல்ரோ மின்மயத் திட்டம், 1930களின் தொடக்கத்திலேயே தன் முக்கிய இலக்குகளை எட்டிவிட்டது.

போல்ஷ்விக்குகளிடையேயும் இத்தகைய கனவை எழுதியவர் உண்டு. அலெக்சாண்டர் போக்தானோவின் 'சிவப்பு நட்சத்திரம்' 1908இல் வெளியானது. அவருடைய தத்துவ நிலைப்பாட்டை லெனின் மறு ஆண்டே கடுமையாக மறுத்து எழுதியது தோழர்கள் அறிந்ததே. எனினும் நாவல் படிக்கத் தகுந்தது. செவ்வாயில் சோசலிசம் அமைந்துவிட்டது. எத்துறையில் எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்பதைப் புள்ளிவிவரப் பலகைகள் காட்டுகின்றன. மக்கள் தாமே வேலையைத் தேர்ந்துகொள்கிறார்கள். ஆயினும் அங்கும் வளங்கள் தீர்ந்துவருகின்றன. பூமியைக் குடியேற்ற நாடாக்கிக்கொள்வதா, அதற்காக அங்குள்ள மனிதர்களை அழித்துவிடுவதா என்று சோசலிச செவ்வாயே விவாதிக்கிறது! அழிப்பை எதிர்த்து வாதாடி வெல்பவள் நெத்தி என்ற பெண். எந்திரங்கள் பொதுவுடைமையானவுடன் எல்லாம் தீர்ந்துவிடும் என்று போக்தானோவ் எழுதவில்லை. நாவலின் பெருமை அதில்தான் இருக்கிறது.

இந்தியாவிலும் இம்மரபு பிந்திப் பிறந்ததன்று. போக்தானோவுக்கு மூன்றாண்டுகள் முன்பே, 1905இல், வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரோக்கியாவின் 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலக் கதை சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளிவந்தது. அக்கதையின் பெண்நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று பலூனை மேலே நிறுத்திக் குழாய்களின் வழியே மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. ஆண்கள் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில் பெண்கள் செய்த ஆய்வுகள் இவை. பகைவர் படையெடுத்து வந்தபோது நாட்டைக் காத்ததும் அந்தச் சூரிய வெப்பமே. உழவு மின்சாரத்தால் நடக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலை போதும். ராணியின் ஆட்சி நடக்கும் நாடு அது. நிலம் யாருடையது என்ற பேச்சே கதையில் இல்லை. ஆயினும் டோமினின் தொழிற்சாலையில் எந்திரம் வந்தபோது தொழிலாளி தெருவுக்கு வந்தான். ரோக்கியாவின் நாட்டில் எந்திரம் வந்தபோது வேலைநேரம் குறைந்தது. இந்த வேறுபாட்டை, பர்தாவுக்குள் வளர்ந்து, பள்ளி வாசலையே மிதிக்காத பெண் ஒருவர் 1905இல் எழுதினார்.

இனி இன்றைய செய்தி. செயற்கை நுண்ணறிவு தானாகச் சிந்திக்கிறது என்று விளம்பரம் செய்யப்படுகிறது. அதன் வளர்ச்சியில் திருப்புமுனையாகக் கருதப்படும் 'இமேஜ்நெட்' தொகுப்பில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்திலும் இருப்பது என்னவென்று பார்த்துப் பெயரிட்டவர்கள், 'மெக்கானிக்கல் டர்க்' என்ற அமேசான் தளத்தின் வழியே சில்லறைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பல நாட்டு மனிதர்கள். அத்தளத்தின் பெயரே ஒப்புதல் வாக்குமூலம் போன்றது. 1770இல் ஐரோப்பிய அரசவையில் காட்டப்பட்ட, தானாகச் சதுரங்கம் ஆடுவதாக நம்பவைக்கப்பட்ட பொம்மையின் பெயர் அது. பொம்மையின் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்தார். இன்று அந்தப் பெட்டிக்குள் இருப்பவர்களில் இந்தியச் சிறுநகரங்களின் பட்டதாரிப் பெண்களும் அடக்கம்.

உணவு கொண்டுசெல்லும் இளைஞரின் நிலையோ அசிமோவின் இரண்டாம் விதியைத் தலைகீழாக்குகிறது. இங்கே எந்திரம் கட்டளையிடுகிறது, மனிதன் பணிகிறான். எந்த ஆணைக்கு எவ்வளவு தொகை, எதற்காகக் கணக்கு முடக்கப்பட்டது என்பவற்றுக்கு மறுமொழி சொல்ல எதிரில் ஆளில்லை. 2023இல் ராஜஸ்தானில் இத்தொழிலாளருக்கான சட்டம் வந்தது. 2025இல் கர்நாடகம் இயற்றிய சட்டம் ஓரடி மேலே சென்று, தானியங்கி முறையில் எடுக்கப்படும் முடிவுகள் தொழிலாளரை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை நிறுவனங்கள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஏட்டிலுள்ள இந்த உரிமையை எழுதிக் கேட்டு வாங்கும் வேலை இனி தொழிற்சங்கங்களுடையது. கைப்பேசிக்குள் இருக்கும் கணக்கை மேசைமேல் எடுத்துவைக்கச் சொல்லும் அந்த முதல் மனுவை எழுத, இக்கூட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள்.