மருந்து பலிக்காவிட்டால் குற்றம் யாருடையது?

(மாணவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஃப்ரான்ஸ் ஃபனான் என்றதும் வன்முறை பற்றி எழுதினவர் என்பதுதான் நமக்கு ஞாபகம் வரும். தொழிலால் அவர் மனநல மருத்துவர். அந்த டாக்டரைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசலாம்னு வந்தேன்.

1925இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்த்தினிக் தீவில் பிறந்தவர். ஹிட்லருக்கு எதிரான போரில் பிரெஞ்சுப் படையில் நின்று காயம்பட்டவர். லியோன் நகரில் மருத்துவம் படித்தார். வெள்ளை உலகம் கறுப்பு மனிதனின் மனத்தை என்ன பண்ணி வச்சிருக்கு என்பதையே பட்ட ஆய்வாகக் கொடுக்க நினைத்தார், ஏற்கவில்லை. நரம்பு நோய் ஒன்றைப் பற்றி வேறு ஆய்வு எழுதி 1951இல் டாக்டரானார். அவர்கள் தள்ளியதுதான் 1952இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்று புத்தகமாக வந்தது.

அடுத்து சேந்த் அல்பான் மருத்துவமனை. அங்கே ஃபிரான்சுவா தொஸ்கெல், ஸ்பெயினில் ஃபிராங்கோவை எதிர்த்துத் தப்பி வந்த மருத்துவர். நோயாளியைக் குணப்படுத்தணும்னா ஆஸ்பத்திரியையே முதலில் மாற்றணும் என்பது அவரது வழி. நோயாளிகளே கூட்டம் நடத்துவார்கள், பத்திரிகை போடுவார்கள், விழா எடுப்பார்கள். ஃபனான் பிடித்துக்கொண்ட பாடம் இது.

1953 நவம்பரில் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனைக்குப் போகிறார். ஐரோப்பியருக்குத் தனி வார்டு, முஸ்லிம்களுக்குத் தனி வார்டு. அல்ஜீரியனுக்கு மூளை வளர்ச்சியே குறைவு என்று அந்துவான் போரோவும் அவர் வழிவந்த டாக்டர்களும் ‘விஞ்ஞானம்’ எழுதிக்கொண்டிருந்த காலம்.

ஃபனான் தன் முறையை ஐரோப்பியப் பெண்கள் வார்டில் செய்தார், பலித்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் செய்தார், ஒருத்தரும் அசையவில்லை. இந்த இடத்தில் வேறு டாக்டராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “இவனுங்களே இப்படித்தான்.” ஃபனானும் உடன் வேலை செய்த ஜாக் அஸூலேயும் 1954இல் எழுதினார்கள்: தப்பு எங்களுடையது.

என்ன தப்பு? பெரும்பாலோர் எழுதப் படிக்காதவர்கள். அவர்களிடம் பத்திரிகையை நீட்டினோம். அவர்களுடையதல்லாத விழாவைக் கொண்டாடச் சொன்னோம். அரபியும் கபீல் மொழியும் தெரியாமல் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினோம். அந்த மக்கள் மொழிபெயர்ப்பாளரை அதுவரை பார்த்த இடம் கச்சேரியும் கோர்ட்டும். டாக்டர் முன்னாலும் அதே ஆள் உட்கார்ந்தால் வாய் எப்படித் திறக்கும்?

காலனியத்தை எதிர்த்தவரே காலனிக்காரன் மாதிரி நடந்திருக்கிறார். அதை மறைக்காமல் எழுதினார் பாருங்க, அங்கேதான் அவர் பெரிய மருத்துவர். பிறகு அந்த ஊர்ப் பாணியில் காபிக்கடை வந்தது. இஸ்லாமியப் பண்டிகைகள் வந்தன. கதைசொல்லி வந்தார். மின் அதிர்ச்சி போன்ற அக்கால வைத்தியங்களை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அது மட்டும் போதாது என்று கண்டார்.

1954 நவம்பரில் விடுதலைப் போர் தொடங்கியது. சித்திரவதைப்பட்டவரும் வந்தார், சித்திரவதை செய்தவரும் வந்தார். தன் மனைவி மக்களையே அடிக்கத் தொடங்கிவிட்ட ஒரு போலீஸ் அதிகாரி கேட்டது: மனசு உறுத்தாமல் சித்திரவதை செய்ய வழி பண்ணுங்க டாக்டர்! குணமானவனைத் திருப்பி அனுப்ப வேண்டிய சமூகமே நோய்ப்பட்டிருந்தால் சிகிச்சைக்கு என்ன அர்த்தம்? சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனுக்கு நான் என்ன வைத்தியம் பார்ப்பது என்று 1956இல் ராஜினாமாக் கடிதம் எழுதினார். 1957இல் நாடு கடத்தினார்கள்.

துனிஸில் பகல் மருத்துவமனை நடத்தினார். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிய்த்தெடுக்க வேண்டியதில்லை. 1961 டிசம்பரில், 36 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தார்.

தோழர்களே, நாமும் கூட்டம் போடுகிறோம், துண்டறிக்கை கொடுக்கிறோம். ஜனங்க வரலைன்னா “அவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அடுத்த தடவை அந்த வார்த்தை வாயில் வரும்போது பிளிதாவின் அந்த வார்டை நினைச்சுக்குங்க. நாம யார் மொழியில பேசினோம், யாரைப் பக்கத்தில வச்சுக்கிட்டுப் பேசினோம் என்று முதலில் கேட்டுக்கொள்வோம்.