சந்தேகம்: நம் மீதும் நம்மிடமும்

  

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

பொரளைச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கனத்தை மயானத்தின் ஓரமாக நடந்து செல்லாத கொழும்புவாசிகள் குறைவு. அவசரமாக நாம் கடந்து செல்லும் அந்த மயானம், இந்நாட்டின் இரண்டு பெரும் துயரங்களுக்குச் சாட்சியாக நிற்கின்றது. அவ்விரண்டையும் முதலில் நினைவூட்டி, அதன் பின்னர் நம்மையே நோக்கி ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகின்றேன்.

1983 ஜூலை 23 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இராணுவத்தினர் 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை அவர்களது உடல்களை அடக்கம் செய்வதற்கான ஏற்பாடுகள் கனத்தையில் நடைபெற்றன. அங்கு திரண்ட கூட்டத்தின் கோபம் பொரளைத் தெருக்களில் இருந்த தமிழரின் கடைகள் மீதும் வீடுகள் மீதும் பாய்ந்தது. அங்கிருந்து தலைநகர் எங்கும், பின்னர் நாடெங்கும் அது பரவியது. திருநெல்வேலித் தாக்குதலுக்கும் பொரளையில் கடை நடத்திய வணிகருக்கும் என்ன தொடர்பு இருந்தது? அவர் பேசிய மொழி ஒன்றே தொடர்பு.

இரண்டாவது துயரம் நம்முடையது. 2020 ஏப்ரல் மாதம், கொவிட் நோயினால் இறந்தவர்களின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தது. ஆயினும் நிலத்தடி நீர் மாசடையும் என்று இங்கு சொல்லப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் சிசு ஒன்றின் உடல், பெற்றோரின் சம்மதமின்றி அதே பொரளையில் எரிக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்டு நம் தாய்மார்கள் வடித்த கண்ணீரை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் கனத்தையின் வேலியில் கபன் துணியின் அடையாளமாக வெண்ணிறத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் சிங்களவர் இருந்தனர், கிறிஸ்தவர் இருந்தனர். நமது மார்க்கத்தை ஏற்காதவர்கள் நமது ஜனாஸாவின் கண்ணியத்துக்காக நின்றார்கள்.

2021 பெப்ரவரி இறுதியில் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஓட்டமாவடியில் நல்லடக்கம் செய்யும் வாய்ப்பு மார்ச் மாதத்தில் கிடைத்தது. அதற்குள் 270 இற்கும் அதிகமான முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டுவிட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த உடலை எந்த மன்னிப்பும் மீட்டுத் தராது.

அன்பானவர்களே! நம் மீது பிறர் கொண்ட சந்தேகத்தைப் பற்றி நாம் நன்றாகப் பேசுகின்றோம். பேசத்தான் வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி பரவியது. கடைகள் உடைந்தன, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் இரசாயனப் பகுப்பாய்வு செய்தபோது அந்தப் 'பொருள்' வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் மீது, சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பழி சுமத்தப்பட்டது. அதே மாதத்தில் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் கேட்க விரும்பிய கேள்வி வேறு. நம் கையில் சிறிதளவு பலம் இருந்த இடத்தில், நம்மை விடச் சிறிய கூட்டத்தாரை நாம் எவ்வாறு நடத்தினோம்?

காத்தான்குடியை நினைத்துப் பாருங்கள். 2004 இல் அப்துர் ரஊஃப் மௌலவியைப் பின்பற்றும் தரீக்காவினரின் வீடுகள் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில், 'பயில்வான்' என அறியப்பட்ட, தரீக்கத்துல் முஃப்லிஹீன் அமைப்பின் தலைவர் அப்துல்லாஹ் காலமாகி அவ்வூரில் அடக்கம் செய்யப்பட்டார். உடனே, அந்த உடலால் ஊரின் மண் அசுத்தமாகின்றது, அதனை அகற்ற வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. அவரது ஆதரவாளர்களின் வீடுகள் நாசமாக்கப்பட்டன. மண் அசுத்தமாகும் என்று 2006 இல் நம்மவர்களில் சிலர் சொன்னார்கள். மண்ணும் நீரும் மாசடையும் என்று 2020 இல் நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையில் 14 ஆண்டுகளே உள்ளன.

இதில் ஒரு சாரார் மட்டுமே குற்றவாளிகள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2009 ஜூலையில் பேருவளையில் நிலை தலைகீழாக இருந்தது. அங்கு தரீக்காவினரின் வருடாந்த வைபவ காலத்தில் மறுதரப்பினரின் பள்ளிவாசல் தாக்கப்பட்டு, இருவர் உயிரிழந்தனர். பலம் எந்தப் பக்கம் சாய்கின்றதோ, சந்தேகம் அந்தப் பக்கத்தில் ஆயுதமாகி விடுகின்றது.

இந்த நெருப்பு எங்கே போய் முடிந்தது என்பதையும் நாம் கண்டோம். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் ஸஹ்ரான் ஹாஷிமின் கூட்டத்தாருக்கும் ரஊஃப் மௌலவியின் ஆதரவாளர்களுக்கும் இடையே வன்முறை மூண்டது. அதன் பின்னர் அவன் தலைமறைவானான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் 250 இற்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. பக்கத்து வீட்டு முஸ்லிமை வெறுக்கப் பழகிய கை, பின்னர் தொழுகையில் இருந்த கிறிஸ்தவக் குழந்தையை நோக்கி நீண்டது.

அதன் பின் நீர்கொழும்பில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். பாகிஸ்தானிலிருந்து தப்பி வந்த அகதிகள் பலர் அங்கு வாடகை வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அஹ்மதிய்யாக்கள், அதாவது நாம் காதியானிகள் என்று அழைப்பவர்கள். கிறிஸ்தவரும் இருந்தனர். கொள்கையின் பெயரால் சொந்த நாட்டில் முஸ்லிம்களால் துன்புறுத்தப்பட்டு ஓடி வந்தவர்கள், இங்கே 'முஸ்லிம்கள்' என்ற சந்தேகத்தினால் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பொலிஸ் நிலையத்திலும் தொழுமிடங்களிலும் குழந்தை குட்டிகளுடன் தஞ்சம் புகுந்தார்கள். நபித்துவம் பற்றிய அவர்களது கொள்கையை நாம் ஏற்கமாட்டோம், அதில் ஐயமில்லை. அவர்களது பிள்ளைகளின் பசியும் பயமும் பற்றி நமக்கு எந்தக் கடமையும் இல்லை என்று எந்தக் கிதாபில் எழுதப்பட்டுள்ளது?

அருமை இளைஞர்களே! நம் மார்க்கத்தின் தொடக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மக்காவில் சிறியதொரு கூட்டம் அர்க்கம் (ரழி) அவர்களின் வீட்டில் கதவடைத்துக் கூடியது. முன்னோரின் வழியைக் கெடுக்கிறார்கள், குடும்பங்களைப் பிரிக்கிறார்கள் என்று ஊர் அவர்களைச் சந்தேகித்தது. கொடுமை தாங்காது சிலர் அபிசீனியாவுக்குச் சென்றனர். அங்கும் குறைஷியரின் தூதுவர்கள் பின்தொடர்ந்து, இவர்கள் ஈஸா நபியை இழிவுபடுத்துகின்றார்கள் என்று மன்னரிடம் கோள் சொன்னார்கள். நஜ்ஜாஷி மன்னர் என்ன செய்தார்? பழி சொன்னவரின் பேச்சோடு நிற்காமல், பழிக்கப்பட்டவர்களையே அழைத்துக் கேட்டார். ஜஃபர் (ரழி) அவர்கள் எழுந்து ஸூரா மர்யமின் வசனங்களை ஓதினார்கள். அந்தச் செவிமடுத்தலே நம் முன்னோரைக் காத்தது. அவ்வாறாயின் அந்தச் செவிமடுத்தலை நாம் எவருக்குக் கடன்பட்டிருக்கின்றோம்?

ஸூரா அல் ஹுஜுராத்தின் 12 ஆம் வசனம், ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், பிறர் குறைகளைத் துருவி ஆராயாதிருக்குமாறும் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகின்றது. அதே ஸூராவின் 6 ஆம் வசனம், செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்று எச்சரிக்கின்றது. போர்க்களத்தில் கலிமாச் சொன்ன ஒருவரை, உயிருக்குப் பயந்தே சொன்னார் என்று கருதிக் கொன்ற உஸாமா (ரழி) அவர்களிடம், அவரது இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபியவர்கள் கடிந்து கேட்டார்கள். யூதர் ஒருவரின் பிரேதம் சென்றபோது எழுந்து நின்ற நபியவர்கள், அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மாவல்லவா என்று உணர்த்தினார்கள். இவை ஸஹீஹான கிரந்தங்களில் உள்ள சம்பவங்கள்.

இங்கு ஒரு பெற்றோர் கேட்கலாம்: "மௌலவி, ஸஹ்ரானைப் போன்றவர்களைச் சந்தேகிக்காமல் விட்டதனால்தானே இந்த அழிவு வந்தது?" நியாயமான கேள்வி. ஸஹ்ரானைப் பற்றி முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். அவர்கள் சுட்டிக் காட்டியது அவனது செயல்களை: வன்முறையை, மிரட்டலை, கொலைக்குத் தூண்டும் பேச்சை. ஆயுதம், மிரட்டல், பணமோசடி, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து மறைத்து வைத்தல் ஆகியவற்றைக் கண்டால் அஞ்சாமல் பொலிஸாரிடம் சொல்லுங்கள், அது கடமை. ஒருவர் கதவடைத்து திக்ர் செய்கிறார், ஸியாரத்துக்குப் போகிறார், தாடியை நீளமாக வைக்கிறார், சிறிய ஜெபக் கூடம் ஒன்றுக்குப் போகிறார் என்பது குற்றத்துக்குச் சாட்சியன்று. கொள்கையில் தவறு கண்டால் அறிவைக் கொண்டு மறுப்போம். அயலவனின் கதவைத் தட்டிக் கல் எறிவது மறுப்பாகாது.

என் இளமையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். எமது ஒழுங்கையில் ஒரு குடும்பத்தினர் வியாழன் இரவுகளில் கதவைச் சாத்தி ஏதோ ஓதுவார்கள். அவர்களைப் பற்றி விதவிதமான கதைகள் உலவின. ஒன்றையாவது நான் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் எல்லாவற்றையும் நம்பினேன். அவ்வீட்டுத் தந்தை மௌத்தானபோது ஜனாஸாவுக்குச் சென்றவர்கள் மிகச் சிலர். நான் போகவில்லை. 2020 டிசம்பரில் கனத்தையின் வேலியருகே, யாரென்று அறியாத ஒரு சிங்களச் சகோதரி வெள்ளைத் துணியை முடிச்சிட்டுக் கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அந்த ஜனாஸா என் கண்முன் வந்தது. அவர் என் கொள்கையைக் கேட்கவில்லை. நான் மட்டும் அன்று கேட்டிருந்தேன்.

பெற்றோர்களே! சாப்பாட்டு மேசையில் நாம் பேசுவதைப் பிள்ளைகள் சேமித்து வைக்கின்றார்கள். "அவங்க ஒரு மாதிரியான ஆக்கள்" என்று நாம் இலேசாகச் சொல்லும் சொல், பத்து வருடத்தில் அவர்களது உள்ளத்தில் மதிலாக எழுந்துவிடும். இளைஞர்களே! கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியை அனுப்புமுன், இதை அவர்களிடமே கேட்டேனா, என்னைப் பற்றி இவ்வாறு வந்தால் பொறுப்பேனா என்று உங்களையே கேளுங்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. உங்கள் ஒழுங்கையில் எவரும் போகாத ஒரு மரண வீடு இருந்தால், சென்று ஒரு வார்த்தை ஆறுதல் கூறுங்கள்.

ஓட்டமாவடி மண்ணில் இன்று 3,600 இற்கும் அதிகமானோர் துயில்கின்றனர். அவர்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். இந்துக்களும், பௌத்தர்களும், கிறிஸ்தவர்களும் அங்கே உள்ளனர். அந்த மண் எவரையும் அசுத்தம் என்று சொல்லவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களைத் தீய எண்ணங்களிலிருந்து தூய்மைப்படுத்துவாயாக! எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பொறுமையுடன் எதிர்கொள்ளவும், நாங்கள் பிறருக்கு இழைத்த அநீதியை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவும் அருள்வாயாக! ஆமீன்.

வஆகிர் தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.