தோல் வழியே ஒரு மருந்து



விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் கீறிய தோலின் வெட்டுமுகம் நினைவிருக்கிறதா? இன்று நம்மில் பலர் பெற்றோரைப் பராமரிக்கிறோம். புற்றுநோய் வலிக்கு ஒட்டும் பென்ரனில் மருந்துத்துண்டு வெறும் பிளாஸ்ரர் அல்ல. மேற்றோலின் இறந்த கலங்களுக்கிடையேயுள்ள கொழுப்பினூடாக மருந்து மெல்ல ஊறி, கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைந்து, மூளைக்குச் செல்கிறது. வழக்கமாக ஒரு துண்டு 72 மணித்தியாலத்துக்கு.

வலி உடனே குறையவில்லையென்று இன்னொன்றை ஒட்டாதீர்கள். மேலே சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்காதீர்கள். சூட்டில் மருந்து மிகையாக உட்புகுந்து மூச்சு நின்றுவிடலாம். கடுங்காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கழற்றிய துண்டிலும் மருந்து மிஞ்சியிருக்கும். குழந்தை எடுத்தால் உயிராபத்து. ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் அகற்றுங்கள்.