பொண்ணு ஏன் நம்மகிட்ட சொல்லலை?

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

என் மகள் சேலத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். விடியறதுக்குள்ளே நான் அரளிப்பூ பறிக்கக் காட்டுக்குப் போயிடுவேன். அவள் வெறும் டீயைக் குடிச்சிட்டு பஸ் ஏறிடுவாள். போன வருஷம் படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கு, தலை சுத்தியிருக்கு. மாதவிலக்கும் எட்டு ஒன்பது நாள் நிக்காமல் போயிருக்கு. நாலு மாசமா எனக்கு ஒண்ணும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிஞ்சது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7.6தான் இருந்தது.

"ஏன் கண்ணு சொல்லலை?"ன்னு கேட்டேன்.

"லீவு போட்டா அட்டெண்டன்ஸ் குறையும். டாக்டர் ஆம்பளையா இருந்தா எப்படிச் சொல்றது? நீயே குழுக் கடன் கட்டக் கஷ்டப்படுறே. கூடப் படிக்கிறவளும் எனக்கும் இப்படித்தான்னு சொன்னாள். சரி, எல்லாருக்கும் இருக்கிறதுதான்னு விட்டுட்டேன்"னாள்.

கடைசியா ஒண்ணு சொன்னாள். "இதையெல்லாம் வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்னு நீதானேம்மா சொன்னே?"

ஆமாம், நான்தான் சொன்னேன். எங்கம்மா எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன்.

காலேஜ் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாததான்னு நினைக்கிறோம். தெரியும், போனிலேயே பார்த்து வச்சிருக்காங்க. ஆனால் வெட்கம், காசு, லீவு, வீட்டில் என்ன சொல்வாங்களோங்கிற பயம், இதெல்லாம் சேர்ந்துதான் அவங்களை ஆஸ்பத்திரி வாசல் ஏற விடறதில்லை.

அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். மாத்திரையை டீ, காபியோடு போடக்கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திடாதீங்க. நேரில் கேட்கக் கூச்சமா இருந்தால் 104-க்குப் போன் பண்ணலாம். மனசு சரியில்லைன்னா 14416.

ஒரு காலையில் பூப்பறிப்பை விட்டுட்டு நானே கூடப் போனேன். மாதவிலக்குக்கும் மருந்து கொடுத்தாங்க. அஞ்சு மாசத்தில் 11.2 வந்திருக்கு.

குழுவில் கடன், வட்டி, சேமிப்புன்னு அத்தனையும் வாய்விட்டுப் பேசுறோம். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பொண்ணுகிட்டயும் பையன்கிட்டயும் "உடம்பு எப்படி இருக்கு கண்ணு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் திட்டாமல் கேளுங்க.