இலை சிவந்தால் மரம் சாகவில்லை



போன மாதம் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு தங்கை தன் செல்போனை நீட்டினாள். காஷ்மீரின் சினார் மரங்கள், நெருப்புப் பிடித்த மாதிரி செக்கச்செவேல் என்று நின்றன. "இதைப் பார்க்கணும்னா அவ்வளவு தூரம் போகணுமா, சார்?" என்று கேட்டாள்.

சினாரைப் பார்க்க வேண்டுமென்றால் போகத்தான் வேண்டும். ஸ்ரீநகரின் நிஷாத், ஷாலிமார் தோட்டங்களுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் பாதிக்குள் போக வேண்டும். ஆனால் இலை நிறம் மாறுவதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம ஊரிலும் இலை சிவக்கிறது. மாதம்தான் வேறு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் கிடைக்கும் காலத்தில் மரம் ஏன் இலையை உதிர்க்கப்போகிறது? மழை நின்று, தை பிறந்து, மண் காயத் தொடங்கும்போதுதான் நம்ம மரங்கள் கணக்குப் பார்க்கின்றன. மரம் தண்ணீரைப் பெரும்பாலும் இலை வழியாகத்தான் இழக்கிறது. அதனால் இலையை உதிர்த்துச் சிக்கனம் செய்கிறது. அதற்கு முன்னால் இலையில் இருக்கும் சத்தில் முடிந்ததைக் கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகவே உண்டாகும். காஷ்மீரில் குளிர் செய்யும் வேலையை இங்கே பெரும்பாலும் வறட்சி செய்கிறது.

எந்த மாதம் எதைப் பார்க்கலாம்?

ஜனவரி, பிப்ரவரியில் நாட்டு வாதுமை. நாம் பாதாம் மரம் என்று சொல்வோமே, அதுதான். உள்ளங்கையை விடப் பெரிய இலை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கருஞ்சிவப்பாகி விழும். கடலோர மண் அதற்கு நன்றாக ஒத்துப்போகும். அதனால் கடற்கரை ஊர்களின் பூங்காக்களிலும் பள்ளிக்கூட வளாகங்களிலும் தேடுங்கள். அதே சமயத்தில் பூமருதும் செம்பு நிறத்துக்கு மாறும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை துளிர்க் காலம். அரசமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டு, இளஞ்சிவப்பும் செம்புமாகத் துளிர்க்கும். இலுப்பையின் தளிரும் செம்பு நிறம்தான். மேற்கு நாடுகளில் இலை சாகும்போது சிவப்பு. நம்ம ஊரில் பிறக்கும்போதும் சிவப்பு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒரே இலைக்கு வயசுக்கு ஒரு பேர் வைத்தவர்கள் நம்ம ஆட்கள். இந்தக் காலத்தில் ஒரு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த ஐந்தையும் பார்த்துவிடலாம்.

எங்கே போகலாம்? சென்னையில் இருப்பவர்களுக்கு 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா. கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா. மலைக்குப் போகிறவர்களுக்கு 1848-இல் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்கா, 1874-இல் அமைந்த குன்னூர் சிம்ஸ் பூங்கா, 1908-இல் அமைந்த கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா. போகும் வழியில் சோலைக்காடுகளையும் கவனியுங்கள். துளிர்க் காலத்தில் காட்டின் மேற்பரப்பே சிவப்பும் செம்புமாகத் தெரியும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. கிளம்பும் முன்பே செல்போனில் பதிவு செய்துவிடுங்கள்.

காலை 9 மணிக்கு முன்னால், இல்லையென்றால் மாலை 4 மணிக்குப் பிறகு போங்கள். சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பார்த்தால்தான் நிறம் முழுசாகத் தெரியும். படமும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் ஒரு பாதாம் மரம் இருந்தது. ஒரு தை மாதம் இலையெல்லாம் சிவந்து கொட்டியது. தெருவெல்லாம் குப்பை, கூட்டி மாளவில்லை. "மரம் பட்டுப்போச்சு, யார் தலையிலாவது விழுந்துடும்" என்று ஒருவர் சொன்னார். மனு எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். மரத்தை வெட்டினார்கள். வெட்டிய கிளையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனியில் மொட்டு பருத்திருந்தது. பட்டைக்குள் பச்சை. இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் துளிர்த்திருக்கும். ஏப்ரல் வெயிலில் அந்த முனையில் பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து ஞாபகம் வரும்.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

இலை கொட்டிய மரத்தைப் பார்த்தால் சின்னக் கிளை ஒன்றை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. ஒரு கிளை காய்ந்திருந்தால் வேறு கிளையையும் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? துளிர்க் காலம் முடியும் வரை பொறுங்கள். மரம் சாய்ந்தோ பொந்து விழுந்தோ ஆபத்தாக நின்றால் மட்டும் உடனே உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சென்னையில் 1913 என்ற எண்.

அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் தெருவில் யாராவது கோடாலியோடு வந்தால், "அனுமதி இருக்கா?" என்று கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

சருகைக் கொளுத்தாதீர்கள். பொது இடத்தில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்கின்றன. கூட்டிய சருகை அதே மரத்தடியில் பரப்பிவிடுங்கள். வெயில் காலத்தில் மண்ணின் ஈரம் காயாமல் காக்கும், பிறகு மக்கி உரமாகும்.

கடைசியாக ஒன்று. வீட்டுப் பக்கத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். சீசன்வாட்ச் என்ற செயலியில் அந்த மரத்தைப் பதிவு செய்து இலை, பூ, காய் மாற்றங்களையும் குறிக்கலாம். நாடு முழுவதும் பொதுமக்கள் குறிக்கும் இந்தத் தகவல்கள், மரங்களின் பருவம் எப்படி மாறுகிறது என்பதை அறிய ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. அடுத்த தை மாதம் யாராவது மனுவை நீட்டினால், போன வருஷத்துப் படங்களைக் காட்டலாம். "இதோ, இலை கொட்டின படம். மூணு வாரம் கழிச்சு எடுத்தது இது" என்று சொல்லலாம்.

அன்றைக்கு என்னிடம் அப்படி ஒரு படம் இல்லை. உங்களிடம் இருக்கட்டும்.