ஒரு நாவல், ஒரு நோட்டு, ஒன்பது கையெழுத்து

(திருச்சியில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சி முகாமில் பேசியது. நேரில் வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்தில் பகிர்கிறோம். கொஞ்சம் நீளம்தான், முழுசா படிங்க.)



காலையிலிருந்து வீடியோ எடிட்டிங், போஸ்டர் டிசைன், பூத் வாரியா வாட்ஸ்அப் குழுன்னு நிறைய பார்த்துட்டோம். எனக்குக் கொடுத்திருக்கிறது 15 நிமிஷம். அதுல நான் பேசப்போறது ஒரு பழைய விஷயம். முன்பின் தெரியாதவங்க ஒரே நாவலைக் கைமாத்திப் படிச்சு, மனசுல பட்டதை எழுதி வச்சா என்ன நடக்கும்? அவ்வளவுதான்.

இது நமக்குப் புதுசு இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தது. வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்து பைண்ட் பண்ணி வைத்தவர்கள் ஏராளம். ஒரு பைண்டிங் எத்தனை வீடு ஏறி இறங்கும்னு உங்க பாட்டியைக் கேளுங்க. நூலகப் புத்தகத்தோட ஓரத்துல பென்சில்ல எழுதியிருப்பாங்களே, ‘இவன்தான் கொலைகாரன்’னு. படிக்கும்போது எரிச்சல் வரும். ஆனா நமக்கு முன்னாடி ஒருத்தர் இதே பக்கத்துல உட்கார்ந்து யோசிச்சிருக்கார்னும் தெரியும்.

இதையே 2001-ல் அமெரிக்காவில் ரான் ஹார்ன்பேக்கர் என்பவர் ஒரு முறையாக மாற்றினார். பெயர் புக்கிராசிங். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு எண். உள்ளே ஒரு ஸ்டிக்கர். படித்து முடித்ததும் பூங்கா பெஞ்சிலோ காபிக் கடையிலோ விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். எடுத்தவர் அந்த எண்ணை வைத்து, எங்கே கிடைத்தது, படித்தபோது என்ன தோன்றியது என்று பதிவு செய்வார். அப்புறம் அவரும் எங்காவது விட்டுவிடுவார். இன்னொரு வழியும் உண்டு. ஒரு பட்டியல் போட்டு வரிசைப்படி தபாலில் ஒருவர் அடுத்தவருக்கு அனுப்ப, கடைசியில் புத்தகம் சொந்தக்காரரிடமே திரும்பி வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ரிங், அதாவது வளையம்.

சோவியத் நாட்டில் இதே வேலை உயிரைப் பணயம் வைக்கிற வேலை. புல்காகவ் எழுதிய ‘மாஸ்டரும் மார்கரீட்டாவும்’ நாவல், அவர் 1940-ல் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1966-67-ல்தான் ஒரு மாஸ்கோ பத்திரிகையில் வந்தது. அதுவும் தணிக்கையில் வெட்டுப்பட்டு. வெட்டிய பகுதிகளை ஜனங்கள் தட்டச்சு செய்து, கைக்குக் கை கடத்திப் படித்தார்கள். தடை செய்த எழுத்து பலதும் அங்கே இப்படித்தான் சுற்றியது. கார்பன் தாளில் நாலைந்து பிரதி. சில சமயம் ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் கையில் கிடைக்கும், விடிந்ததும் அடுத்தவரிடம் போயாக வேண்டும். மாட்டினால் சிறைகூட உண்டு. அப்படியும் ஒருவர் இன்னொருவரை நம்பிக் கொடுத்தார்.

நமக்கு அந்த ஆபத்தெல்லாம் இல்லை. அப்படியிருந்தும் நாம கொடுக்கிறோமா?

நாங்க நாலு பேர் சேர்ந்து போன வருஷம் ஒரே ஒரு பிரதி வாங்கினோம். ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளின் வாழ்க்கையை அங்கேயே போய்ப் பார்த்து அவர் எழுதிய நாவல். கூடவே ஒரு 40 பக்க நோட்டு. முதல் பக்கத்தில் இதை மட்டும் எழுதினோம்: “படிங்க. தோணினதை எழுதுங்க. பேர் வேண்டாம், தொழில் போதும். சில வரிகளைக் கூட்டத்தில் வாசிப்போம். எங்களுக்குத் தெரியாத ஒருத்தர்கிட்ட கொடுங்க. கடைசியில் அட்டையில் இருக்கிற டீக்கடையில் சேர்த்துடுங்க.”

அஞ்சு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தது. ஒன்பது கையெழுத்து.

ஓய்வுபெற்ற நடத்துனர் ஒருத்தர்: “தூத்துக்குடி வண்டியில் பல வருஷம் ஓடியிருக்கேன். ஜன்னல் வழியா வெள்ளை வெள்ளையா குவியல் பார்த்திருக்கேன். பக்கத்துல ஆள் நிக்கிறதை ஒரு நாளும் பார்த்ததில்லை.”

நர்சிங் படிக்கிற தங்கச்சி: “உப்புத் தண்ணியில் தினமும் நின்னா கால் புண் எப்படி ஆறும்? ரெண்டு நாள் புத்தகத்தை மூடி வச்சிட்டேன்.”

ஒரு ஆசிரியர்: “1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்ததை வருஷா வருஷம் நடத்துறேன். உப்பு எடுக்கப் போனவங்களைப் பத்திப் பாடம் நடத்தியிருக்கேன். உப்பு எடுத்தே பிழைக்கிறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

அப்புறம் அரிசிக்கடைக்காரர் ஒருத்தர்: “முதலாளின்னாலே கெட்டவன்னு எழுதிடுறாங்க. மழை பெய்ஞ்சா எனக்கும்தான் நஷ்டம்.”

அதுக்குக் கீழே, அடுத்துப் படிச்ச தையல்காரம்மா எழுதியிருந்தாங்க: “அண்ணே, மழை பெய்ஞ்சா உங்களுக்கு நஷ்டம். உப்பளத்துல அன்னைக்கு அடுப்பு எரியாது.”

டீக்கடை மாஸ்டருக்கு அந்த அரிசிக்கடைக்காரரைத் தெரியும். நோட்டை எடுத்துக்கிட்டு அவர் கடைக்குப் போனோம். கடையில் வேற கட்சிக் கொடி. எங்களைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. அந்த வரியைக் காட்டினோம். ரெண்டு தடவை படிச்சார். “இந்தம்மா சொல்றதை நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன் தம்பி. ஆனா அந்தப் புத்தகத்தை இன்னொரு வாட்டி கொடுங்க”ன்னார். நாற்காலி போடச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். தேர்தல் பேச்சே வரலை.

தோழர்களே, இதைச் சொல்லத்தான் வந்தேன். நாம ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்கும்போது கையில பதில் தயாரா இருக்கு. அவங்க மனசுல இருக்கிற கேள்வி என்னன்னு கேட்கிற பழக்கம்தான் குறைச்சல். நாவல் கைமாறும்போது யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. அதனாலதான் மனுஷன் மனசைத் திறக்கிறான். அதைக் கேட்கத் தெரியாதவனுக்கு அரசியல் எதுக்கு?

உங்க ஒன்றியத்துல செய்யணும்னா சில விஷயம்.

ஒண்ணு, நம்ம கட்சிக்காரங்க கைக்குள்ளேயே சுத்த விடாதீங்க. அப்படிச் சுத்தினா அது நாவல் இல்லை, சுற்றறிக்கை.

ரெண்டு, ஒருத்தருக்கு ரெண்டு வாரம். பத்துப் பேர்னா 20 வாரம். அவசரப்படுத்தாதீங்க.

மூணு, ரொம்ப முக்கியம். போன் நம்பர் கேட்காதீங்க. இது ஐ.டி. விங், எதைப் பார்த்தாலும் எக்செல் ஷீட்ல ஏத்தணும்னு நமக்குக் கை துறுதுறுங்கும். அந்த நோட்டு உறுப்பினர் படிவம் இல்லை, வாக்காளர் பட்டியலும் இல்லை. நம்பி எழுதினவங்களை டேட்டா ஆக்கினா அடுத்த தடவை ஒருத்தரும் எழுத மாட்டாங்க. எழுதாம இருக்கிறதுதான் நியாயமும்கூட.

நாலு, நம்மளைத் திட்டி எழுதியிருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீங்க. முதல்ல படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

அஞ்சு, புத்தகம் திரும்பி வரலைன்னா வருத்தப்படாதீங்க. யாரோ ஒருத்தர் வீட்ல இருக்கு, இன்னும் படிச்சு முடிக்கலைன்னு நினைச்சுக்கோங்க.

பின்னாடி மேஜையில் 12 நாவலும் 12 நோட்டும் இருக்கு. ஒன்றியத்துக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கே பஸ்ல பக்கத்து சீட்ல இருக்கிறவர்கிட்ட பேச்சுக் கொடுங்க.



(இதைப் படிக்கிற உறவுகள், உங்க ஊர்ல எந்த நாவலைச் சுத்த விடலாம்னு கீழே சொல்லுங்க.)

#கைமாறும்_நாவல்