மேடையும் நாமும்
(பங்கு இளைஞர்களின் பேச்சுப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

 

பேச்சுக்கலை என்றவுடனே, "அது தலைவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் குருக்களுக்கும் உரியது, நமக்கு எதற்கு?" என்று ஒதுங்குவோர் நம்மில் பலர். கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டி விடுகிறோம். ஆனால் இக்கலை யாருடைய தேவைக்காகப் பிறந்தது என்பதை அறிந்தால், நாம் இப்படி ஒதுங்க மாட்டோம்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 465 ஆண்டுகளுக்கு முன், சிசிலித் தீவிலுள்ள சிரக்கூஸ் நகரில் கொடுங்கோலர் ஆட்சி கவிழ்ந்தது. அந்த ஆட்சியில் உடைமைகளைப் பறிகொடுத்த மக்கள், அவற்றை மீட்க நீதிமன்றம் சென்றார்கள். அவ்வேளையில்தான் கோராக்ஸ், தீசியாஸ் என்னும் இருவர், பேச்சை ஒழுங்குபட அமைக்கும் முறைகளை வகுத்தார்கள். அரிஸ்டாட்டில் சொன்னதாக இச்செய்தியை உரோமைப் பேச்சாளர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். ஆகவே, பறிபோன வீட்டையும் நிலத்தையும் திரும்பக் கேட்ட மக்களின் வாயில் பிறந்த கலை இது.

ஏதென்ஸ் நகரிலும் வழக்குடையவர் தாமே எழுந்து பேச வேண்டும். பேசத் தெரியாதவர்கள், எழுதித் தருவோரிடம் காசு கொடுத்து உரையை வாங்கி, மனப்பாடம் செய்து சொன்னார்கள். அப்படி எழுதித் தந்தவர்களுள் புகழ் பெற்றவர் லீசியாஸ். அவர் எழுதியதாக வழங்கும் உரைகளுள் ஒன்று, கால் ஊனமுற்ற ஓர் ஏழைத் தொழிலாளிக்காக எழுதப்பட்டது. அரசு அவருக்கு நாளொன்றுக்கு ஓர் 'ஓபோல்' என்னும் சிறு காசை உதவியாகக் கொடுத்து வந்தது. "இவர் குதிரை ஏறுகிறாரே, இவருக்கு உதவி எதற்கு?" என்று ஒருவர் எதிர்ப்புக் கிளப்பினார். சொந்தமாகக் கோவேறு கழுதை வாங்க வசதி இருந்தால் இரவல் குதிரையில் ஏறுவேனா என்று அந்த ஏழை திருப்பிக் கேட்கிறார். மற்றவர் ஒரு கோல் ஊன்றும்போது நான் இரண்டு கோல் ஊன்றுகிறேனே, குதிரையும் அப்படி ஒரு துணைதானே என்கிறார். இதில் அடுக்குமொழி இல்லை. அந்த மனிதர் வாயில் இயல்பாக வரக்கூடிய சொற்களே உள்ளன. அதுவே அதன் வலிமை.

பேச்சின் நேரத்தையும் அவர்கள் அளந்தார்கள். அடியில் துளையிட்ட பானையிலிருந்து தண்ணீர் வடிந்து முடிந்தால் பேச்சும் முடிய வேண்டும். ஏதென்ஸில் அகழ்ந்தெடுத்த அத்தகைய பானை ஒன்று ஏறத்தாழ 6 நிமிடத்தில் வடிந்துவிடும். நம் விழா மேடைகளிலும் ஒன்று வைத்தால் நல்லதுதான்!

அரிஸ்டாட்டில் பேச்சை மூன்று வகையாகப் பிரித்தார். நடந்ததைப் பற்றி நியாயம் கேட்பது ஒன்று. இனிச் செய்ய வேண்டியதை ஆராய்ந்து யோசனை சொல்வது மற்றொன்று. விழாவில் ஒருவரைப் போற்றிப் பேசுவது மூன்றாவது. நம் வாழ்விலும் இந்த மூன்றும் உண்டு. தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அதிகாரியிடம் முறையிடுவது முதல் வகை. அதற்கு நாளும் கணக்கும் தேவை. கோபம் மட்டும் போதாது. பள்ளிக்குக் கட்டடம் கட்டலாமா என்று பங்குக் கூட்டத்தில் பேசுவது இரண்டாம் வகை. செலவையும் பயனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்றுக் கருத்துடையவரை மதித்துப் பேச வேண்டும். வரவேற்பு, பிரிவு உபசாரம், திருமண வாழ்த்து, இரங்கல் ஆகியவை மூன்றாம் வகை. இங்கே பத்துப் புகழ்ச்சிச் சொற்களைவிட, அவர் செய்த ஒரு செயலைச் சொல்வதே மேல். இறந்தவர் வீட்டில் அவருடைய பட்டங்களை அடுக்குவதால் யாருக்கு ஆறுதல்? மழைநாளில் நம் பிள்ளைக்கு அவர் குடை பிடித்து வந்ததைச் சொன்னால், அழுதவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சுருங்கப் பேசுவதற்கும் ஒரு சான்று. 1863 நவம்பர் 19 அன்று, அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில், போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணித்தார்கள். எட்வர்டு எவரெட் என்ற பெரும் பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் ஆபிரகாம் லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களே பேசினார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சில நிமிடப் பேச்சைத்தான். மறையுரை 8 நிமிடத்துக்கு மேல் போகலாகாது என்று 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் குருக்களுக்குச் சொன்னதும் நமக்குத் தெரியும்.

தயாரிப்பது எப்படி? யாரிடம் பேசுகிறேன், எதற்காகப் பேசுகிறேன், அவர்கள் எதை மனத்தில் கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையைத் தாளில் எழுதுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் உறுதியாக மனத்தில் வையுங்கள். இடையில் உள்ளதைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, வீட்டாரிடம் ஒருமுறை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். திருவள்ளுவர் அவையறிதலை முன்னே வைத்து, அவையஞ்சாமையை அடுத்த அதிகாரமாக அமைத்திருக்கிறார். கேட்போரை அறிந்தவனுக்கு அச்சம் தானே குறையும்.

இறுதியாக, புனித அகுஸ்தீனாரை நினைவுகூர விரும்புகிறேன். அவர் மிலான் நகரில் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர். ஆயர் அம்புரோசின் சொல்நயத்தைக் கேட்கப் போனவர் அவர் சொன்ன பொருளுக்கே வசப்பட்டார். பின்னாளில் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவர், தாம் மறைக்கல்வி கற்பிக்கும்போது தம் பேச்சு தமக்கே சலிப்பாக இருக்கிறது என்று அவரிடம் முறையிட்டார். அகுஸ்தீனார் அவருக்காக ஒரு நூலே எழுதினார். தம் பேச்சும் தமக்குப் பெரும்பாலும் நிறைவு தருவதில்லை என்றும், ஆனாலும் கேட்பவர்கள் ஆவலோடு கேட்கிறார்கள் என்றும் ஆறுதல் சொன்னார். நின்று களைத்தவருக்கு உட்கார இடம் கொடுங்கள் என்றும் அறிவுரை தந்தார். கேட்பவரின் கால்வலியை நினைப்பவரே நல்ல பேச்சாளர்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் உங்களைப் பேச அழைக்கும்போது பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டாதீர்கள். நம் தெருவின் குறையையும் நம் வீட்டுப் பெரியவரின் நன்மையையும் நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு யார்? எழுந்து நில்லுங்கள், தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள், சொல்லி முடித்ததும் அமருங்கள். நானும் அமர்கிறேன்.